கம்ப்யூட்டர் ஆன் பண்ணினா தினமும் "சிமாஸ் செக்சம் எரர்". பேட்டரி மாத்தியும் போகலை, உதவுங்க

திருப்பூர்_செல்வி: வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் 2012-ல வாங்கினது. ரெண்டு மாசமா காலையில ஆன் பண்ணினா கறுப்புத் திரையில "சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட், பிரஸ் எஃப்1"னு வந்து நின்னுடுது. எஃப்1 அழுத்தினா விண்டோஸ் வந்துடும், ஆனா தேதி 2010 ஜனவரி 1. பேங்க் சைட் திறந்தா இணைப்பு பாதுகாப்பானது இல்லைன்னு தடுக்குது. பார்க்க வந்தவர் மதர்போர்டு போச்சு, மாத்தணும்னார். மனசு கேக்காம, மதர்போர்டுல இருக்கிற வட்டமான சின்ன பேட்டரியைப் புதுசா வாங்கி நானே போட்டேன். மறுநாளே அதே எரர். பொண்ணு தேர்வுக்கு விண்ணப்பம் போடணும், ஒரு வாரம்தான் இருக்கு.

கணினி_தம்பி: விண்டோஸை ஃபார்மட் பண்ணி புதுசா போடுங்கக்கா, சரியாயிடும்.

பழைய_மெக்கானிக்: தம்பி, வேண்டாம். இந்த எரர் வர்ற நேரத்துல விண்டோஸ் இன்னும் லோடே ஆகலை. ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற பயாஸ்ங்கிற புரோகிராம் காட்டுற செய்தி இது. செட்டிங்கை வச்சிருக்கிற சிமாஸ்ங்கிற நினைவகத்துல இருந்தது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஃபார்மட் பண்ணினா ஃபைல்தான் போகும், எரர் அப்படியே இருக்கும்.

அம்மா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. ராத்திரி சுவிட்ச் போர்டுலயும் அணைச்சிடுறீங்களா? பிளக்ல கரன்ட் இருக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் உள்ளே கடிகாரத்துக்கு மின்சாரம் போயிட்டே இருக்கும். சுவரில அணைச்சாத்தான் பேட்டரிக்கு வேலை. இன்னிக்கு ஒரு ராத்திரி அணைக்காம விட்டுப் பாருங்க. எரர் வரலைன்னா போர்டு நல்லாத்தான் இருக்கு. அடுத்தது, புது பேட்டரி மேல என்ன எண் போட்டிருக்கு?

திருப்பூர்_செல்வி: ஐயா, இடி மின்னலுக்குப் பயந்து மாமியார் தினமும் அணைச்சிடுவாங்க. நேத்து அணைக்காம விட்டோம், எரர் வரவே இல்லை! பேட்டரியில சிஆர்2025-னு இருக்கு.

பழைய_மெக்கானிக்: அதான் விஷயம். உங்களுக்கு வேண்டியது சிஆர்2032. முதல் 20 விட்டம், 20 மில்லிமீட்டர். கடைசி ரெண்டு எண் கனம்: 32-ன்னா 3.2 மில்லிமீட்டர், 25-ன்னா 2.5. ரெண்டும் 3 வோல்ட்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரரும் மாத்திக் கொடுத்துடுவார். ஆனா மெல்லிசா இருக்கிறதால சாக்கெட்டுல லொடலொடன்னு உட்கார்ந்து கம்பியில சரியா தொடாது.

பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சக் கரன்ட் போயிடும். பக்கத்துல இருக்கிற கொக்கியை நகர்த்தினா பேட்டரி எழும்பும். புதுசை கூட்டல் குறி மேல தெரியுற மாதிரி வைங்க. இதுக்கப்புறம் நிறைய பேர் விடுற தப்பு ஒண்ணு இருக்கு: பேட்டரி போட்டா மட்டும் போதாது. ஆன் பண்ணினதும் டெலீட் கீயைத் தட்டிட்டே இருந்து செட்டப்புக்குள்ள போய், தேதி நேரம் சரி பண்ணி, எஃப்10 அழுத்தி சேவ் பண்ணணும். பேங்க் சைட் தடுத்ததும் தேதியாலதான். சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ் உங்க கம்ப்யூட்டர் கணக்குல இன்னும் தொடங்கவே இல்லை.

சேலம்_ராகவன்: ஐயா சொன்னதோட இன்னொண்ணு. செட்டப்புல சாட்டா மோடுன்னு, ஹார்ட் டிஸ்க் எந்த முறையில இயங்கணும்னு சொல்ற ஒரு இடம் இருக்கும், அதை மாத்தாதீங்க. தினமும் டிஃபால்ட் செட்டிங்லயே விண்டோஸ் வருதுன்னா அது சரியா இருக்கு. மாத்தினா நீலத் திரை வந்து நிக்கும். எடுத்த பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாம வைங்க. விழுங்கினா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்துடும், உடனே ஆஸ்பத்திரி போகணும்.

திருப்பூர்_செல்வி: 2032 வாங்கிப் போட்டாச்சு. நாலு நாளா சுவிட்சை அணைச்சுத்தான் பார்க்கிறோம், எரர் இல்லை, தேதியும் நிக்குது. பொண்ணு நேத்து விண்ணப்பம் அனுப்பிட்டா. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.

கணினி_தம்பி: ஐயா, தெரியாம சொல்லிட்டேன், மன்னிக்கணும். என் பழைய லேப்டாப்லயும் தேதி பின்னால போகுது, அதுலயும் இப்படியே மாத்தலாமா?

பழைய_மெக்கானிக்: லேப்டாப்ல பெரும்பாலும் ஒயரோட வர்ற பேட்டரி இருக்கும், சின்ன பிளக்குல மாட்டியிருக்கும். ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, போர்டுலயிருந்து பெயர்ந்துடும். மாடல் எண் போடுங்க தம்பி, பார்த்துச் சொல்றேன்.