இஎஸ்டி டெஸ்ட் (சிப் நிலைமின்சார அடியைத் தாங்குதான்னு பார்க்கறது): இன்னும் உறுத்துற ஒரு ஷாட் இருந்தா சொல்லுங்க

மூலைப்பின்:
எச்பிஎம்ல (மனுஷன் கையிலிருந்து சிப்புக்குப் பாயற டிஸ்சார்ஜ் மாதிரி) 2 கேவி க்ளீன் பாஸ். அதே லாட், சிடிஎம் (சார்ஜ் ஏறின சிப்பே டிஸ்சார்ஜ் ஆகற மாதிரி) 500 வோல்ட்ல ஒரே ஒரு பின் காலி. டிசைன் டீம் உடனே "உங்க மெஷின் சரியில்லை". சிப்பு போனதுகூடப் பரவாயில்லை, ஆசிலோஸ்கோப் படம்தான் கண்ணுலயே நிக்குது. போகோ பின் (ஸ்பிரிங் வெச்ச தொடுமுனை) இறங்குது, ஒரு நானோசெகண்டுக்குள்ள கரண்ட் விர்ருன்னு ஏறி விழுது. வேற சிப், அதே பின், அதே வோல்டேஜ், உச்சம் நல்லாவே குறைஞ்சிருக்கு. அடுத்ததுல திரும்ப மேல. இதுல எதை 500 வோல்ட்டுன்னு ரிப்போர்ட்ல எழுதறது?

லீக்கேஜ்ராஜா:
காத்துல பொறி தாவித்தானே டிஸ்சார்ஜ் ஆகுது, ஷாட்டுக்கு ஷாட் மாறத்தான் செய்யும். சேம்பர்ல ஈரப்பதம் ஏறியிருந்தா இன்னும் மோசம். என் கதை வேற: எச்பிஎம் 1 கேவில செத்த பின், புது சாம்பிள்ல 2 கேவி போட்டா பிழைச்சுது! டேபிளைத் தப்பா ஒட்டிட்டேன்னு மேனேஜர் சிரிச்சார். கம்மி வோல்டேஜ்ல கிளாம்ப் (சிப்புக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) ஆன் ஆகவே இல்லை, கரண்ட் பக்கத்து டிரான்சிஸ்டர் வழியா போயிருக்கு. நேரா 2 கேவி மட்டும் போட்டுப் பாஸ் எழுதறவங்களைப் பார்த்தா இப்பவும் எனக்கு எரியும்.

கன்மேன்:
எல்லாரும் 2 கேவி, 2 கேவின்னே பேசறீங்க. சிப்புக்கு 1 கேவி போதும்னு இண்டஸ்ட்ரி கவுன்சில் (இஎஸ்டி இலக்கு அளவுகளைப் பரிந்துரைக்கிற கம்பெனிகளோட குழு) எப்பவோ சொல்லியாச்சு. டேட்டாஷீட்ல 2 கேவி பார்த்த ஒரு கஸ்டமர், போர்டு கனெக்டர்ல 8 கேவி இஎஸ்டி கன்னை (முழுக் கருவியைச் சோதிக்கிற துப்பாக்கி) வெச்சுட்டார். வீடியோ கால்ல செத்த போர்டை கேமரா முன்னாடி ஆட்டிக் காட்டினார் பாருங்க! எச்பிஎம் 2 கேவின்னா 1,500 ஓம் வழியா 1.33 ஆம்பியர். கன்ல 330 ஓம், 150 பிகோஃபாரட், 8 கேவிக்கு முதல் உச்சமே 30 ஆம்பியர். ரெண்டும் ஒண்ணா? ராஜா சார், உங்க 1 கேவி கதையும் டெஸ்டர் கோளாறாத்தான் இருக்கும்.

லீக்கேஜ்ராஜா:
டிஎல்பி கர்வ் (குட்டி பல்ஸ் கொடுத்து அளந்த கரண்ட்-வோல்டேஜ் கோடு) இருக்கு சார். ஸ்னாப்பேக் (கிளாம்ப் ஆன் ஆகி வோல்டேஜ் சட்டுனு இறங்கறது) எங்க தொடங்குதுன்னு பார்த்துட்டுத்தான் பேசறேன்.

ஈரத்துணி:
நாங்க ஒரு சிப்பை ஆசிட்ல டீகேப் பண்ணி (மேல்மூடியைக் கரைச்சு) பார்த்தோம், பேட் ஓரத்துல ஊசிமுனை அளவு கருகல், அவ்வளவுதான். சரி, எல்லாரும் கேளுங்க. ரிஸ்ட் ஸ்ட்ராப்பைத் தினமும் செக் பண்ணுங்க, உள்ள இருக்கிற 1 மெகாஓம் உங்க உயிருக்கு, அதைக் கழட்டிட்டு ஒயரை நேரா கட்டாதீங்க. சட்டை மேல கட்டினா பிரயோஜனமே இல்லை, தோல்ல படணும். பெஞ்சுல தெர்மாகோல், பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம். அயனைசர் (காத்துல அயனி விட்டு சார்ஜைப் போக்கற கருவி) ஊசியைத் துடைச்சு எத்தனை மாசமாச்சு? ஷாக் அடிக்கலையேன்னு அசட்டையா இருக்காதீங்க, கிட்டத்தட்ட 3,000 வோல்ட்டுக்குக் கீழே கைக்கே தெரியாது. டிரேயை உருவும்போது மெதுவா உருவுங்க. அப்புறம் அந்த ரோஸ் கலர் பை, அது வெளியில இருந்து வர்ற ஃபீல்டைத் தடுக்காது, சில்வர் பைதான்.

மூலைப்பின்:
ரிஸ்ட் ஸ்ட்ராப் பத்தி யாருண்ணே கேட்டா? எஃப்ஏ (ஃபெயிலியர் அனாலிசிஸ்) ரிப்போர்ட் வந்துடுச்சு. ரெண்டு பவர் டொமைனுக்கு நடுவுல இருக்கிற ரிசீவரோட கேட் ஆக்ஸைடு ஓட்டை. ரெண்டு கிரவுண்டுக்கும் நடுவுல முதுகோட முதுகா டையோடு போடறோம்னு டிசைன் டீம் ஒத்துக்கிட்டாங்க. ஆனா மெயில்ல கடைசி வரி இன்னும் "டெஸ்டர் கேலிபரேஷனையும் ஒருமுறை பார்க்கவும்".