நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் தாள்: மலையகத்து அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து

இலங்கை மலையகத்தில், எங்கள் டவுனுக்கும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குமாக மாதம் ஒரு தாள் போடுகிறோம். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, இரத்ததான முகாம், கண் பரிசோதனை, நடமாடும் சேவை, கிரிக்கெட் மெச், புத்தக வெளியீடு என்று வரப்போகிற மாதத்தில் எது எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். இதே வேலையைச் செய்கிறவர்கள் மலையகத்தில் வேறு ஊர்களிலும் இருக்கிறீர்கள். தாளைப் பற்றி எழுதுவதைவிட, அந்தத் தாளால் நீங்கள் சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

நடந்து முடிந்ததைச் சொல்ல நம்மிடம் எத்தனையோ வழி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடியது திங்கட்கிழமை பேஸ்புக் படத்தில் தெரிந்துவிடும். "அடடா, தெரிஞ்சிருந்தா போயிருப்பேனே" என்று அப்புறம் சொல்லிக்கொள்வோம். தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், நடப்பது கீழ்க்கணக்குக்குத் தெரியாது, தோட்டத்தில் நடப்பது டவுனுக்குத் தெரியாது. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக எங்கள் டவுனின் ஒரு பகுதியே இடம் மாறிய பிறகு, தினமும் ஒரே வாசலில் நின்று பேசிய ஆட்கள்கூட ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆட்களை மறுபடி ஓர் இடத்துக்கு வரவைக்க வேண்டுமென்றால் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஓர் அம்மாவைப் பற்றி. அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை ஒன்று வருவதாகத் தாளில் போட்டிருந்தோம். நாளையும் இடத்தையும் போட்டதோடு என்னென்ன கடதாசி கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு எதைக் காட்ட வேண்டும், கிராம சேவகரிடம் எதை வாங்கிப் போக வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே வரிசையாகப் போட்டோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு அந்த நாளின் பெயர் போய்விடும், அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. ஒரு கடதாசி குறைந்தால் இன்னொரு பெயரும் போகும். ஆகவே எங்கள் தாளில் அந்தப் பட்டியலைவிட முக்கியமானது எதுவுமில்லை என்று நான் நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். எங்கள் தாளை நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் மற்றக் கடதாசிகளோடு வைத்திருந்தார். பேரன் வாசித்துக் காட்டினானாம். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே பேனையால் ஒரு சரி போட்டிருந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அம்மா இப்போதிருக்கும் தோட்டத்தைச் சொன்னார். "பொறந்தது?" என்று மறுபடி கேட்டார் அந்தப் பெண். இரண்டு பேரும் பிறந்தது ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்! தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஒன்றாகக் கிடந்தவர்கள், கலியாணம் கட்டி ஆளுக்கொரு மலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளவே இல்லையாம். அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் முறை வந்ததையும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற நாங்கள்தான் "அம்மா, ஒங்கள கூப்பிடுறாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

தாளை நாங்கள் பத்தாம் திகதிக்குப் பிறகு வரும் ஞாயிறன்று கொடுப்போம். சம்பளம் வாங்கிச் சாமான் எடுக்க எல்லாரும் டவுனுக்கு வரும் நாள் அது. புடவைக்கடை, பார்மசி, சலூன், கொமினிகேஷன் எல்லாவற்றிலும் கட்டாக வைத்திருப்போம். போட்டோ கொப்பிச் செலவைக் கடைக்காரர்களின் சின்ன விளம்பரங்கள் தாங்குகின்றன. 2022 நெருக்கடியில் கடதாசி விலை ஏறி, பத்திரிகைகளே பக்கத்தைக் குறைத்த நேரத்தில், ஒரே ஒரு பிரதியைக் கையால் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினோம். அதையும் ஆட்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.


பண்டாரவளைப் பக்கத்திலிருந்து

நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். எங்கள் பக்கம் மழைக்காலம் உங்களுக்கு நேர்மாறு. மே முதல் செப்டெம்பர் வரை தலவாக்கலையும் மஸ்கெலியாவும் நனையும்போது இங்கே வெயிலும் காற்றும்தான். ஒக்டோபர் தொடங்கினால் எங்களுக்கு மழை. ஊவாப் பக்கம் தாள் போட நினைக்கிறவர்கள் வெளியில் நடக்கும் நிகழ்ச்சிகளை இந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் உண்டு. விசேஷம் முடிந்த பிறகு அழைப்பிதழ் கையில் கிடைத்த வீடுகள் எத்தனையோ. அதனால் எங்கள் தாளைத் தபாலை நம்பாமல் கையால்தான் கொடுக்கிறோம்.

அதை யார் கொண்டுபோகிறார் தெரியுமா? வீடு வீடாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோக்காரர். காலையிலும் மாலையிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லயத்துக்கும் போகிற ஒரே வண்டி அதுதானே. அவர் சிங்களவர், நம்ம தமிழ் நன்றாகவே பேசுவார். ஒருநாள் பாண் வாங்கும்போது, "டீச்சர், இந்தக் கட்டை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன், காசு வேணாம்" என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் வந்து, "எங்கட ஊர் ஆளுகளும் கேக்குறாங்க, சிங்களத்தில கொஞ்சம் போடுங்க" என்றார். அவருடைய மகள் உயர்தரம் படிக்கிறாள். கடைசிப் பக்கத்தை அவள்தான் இப்போது சிங்களத்தில் எழுதித் தருகிறாள். அந்தப் பக்கம் வந்த பிறகு எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் கீழ்க் கிராமத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வெசாக் அன்னதானமான தன்சலுக்கு எங்கள் பிள்ளைகள் போனார்கள். இத்தனை காலம் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள்தான், ஆனால் ஒருவர் வீட்டு விசேஷம் மற்றவருக்குத் தெரியாமலே இருந்தது.


மஸ்கெலியாவிலிருந்து

மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிக்கிற வரைக்கும் முன்பெல்லாம் தோட்டமே தூங்காது. இப்போது ஆடத் தெரிந்த இளசுகள் பாதிப் பேர் கொழும்பில் இருக்கிறார்கள்.

எங்கள் தாள் ஹட்டன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்த ஒரு தோட்டத்திலிருந்து வயதான கூத்து வாத்தியார் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்தோம். மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே பேசினார். "தம்பி, பார்க்க ஆள் வருவாங்க. ஆட ஆள் இல்ல. மதனுக்குப் பையன் இருக்கான், ரதிக்குத்தான் இல்ல. அதை ஒங்க தாள்ல போடுவீங்களா?" என்றார். ஆள் தேவை என்று நாங்கள் அதுவரை எதையும் போட்டதில்லை. சரி, போட்டோம்: "ரதி வேடம் கட்ட விருப்பமுள்ளவர்கள் காமன் ஊன்றும் நாளைக்கு முன் வரவும். பழக்கித் தரப்படும்."

வந்தது வேறொரு டிவிசனிலிருந்து ஒரு பையன். டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. அவனுடைய தாத்தா ரதி வேடம் கட்டியவராம், வீட்டில் சலங்கை இன்னும் கிடக்கிறதாம். வாத்தியார் அவனைப் பாடச் சொல்லவில்லை, ஆடவும் சொல்லவில்லை. சலங்கையைக் கட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். மூன்றாவது தடவை நடக்கும்போது தப்புக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தப்பு விழுந்தது. பையனுடைய கால் தானாக மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாத்தியார், "இவன் தாத்தா நடை" என்று மட்டும் சொன்னார். தாத்தாவை அவருக்குத் தெரிந்திருந்திருக்கிறது! இரண்டு தோட்டமும் சேர்ந்து அந்த வருஷம் காமன் எரித்தார்கள்.


வெள்ளவத்தையிலிருந்து, பிறந்த ஊர் பொகவந்தலாவை

நான் தாள் போடுகிறவனில்லை, வாசிக்கிறவன். இங்கே ஒரு புடவைக்கடையில் வேலை. எங்கள் ஊர்த் தாளை யாராவது வட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள், அதைப் பார்த்துத்தான் லீவு கேட்பேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எப்படியும் போவோம். தங்கச்சியின் பாடசாலைப் பரிசளிப்பு விழா, லயத்துப் பையன்களின் மெச் மாதிரியானவை வீட்டில் போனில் சொல்ல மறந்துபோகும். ஒரு வேண்டுகோள்: நாலு நாள் முன்னால் தெரிந்தால் முதலாளியிடம் கேட்க முடியாது. கடையில் இருக்கிற எங்களுக்கு மூன்று வாரமாவது வேண்டும். அப்புறம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்கள் போடுகிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். இரவு ஹட்டனில் இறங்கி நிற்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.


பூண்டுலோயாவிலிருந்து

ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த வேலைக்கு நம் மண்ணில் ஒரு பழைய வேர் இருக்கிறது. கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் போட்டுத் தோட்டத்து மக்களிடம் செய்தியைக் கொண்டுபோனார். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம். புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்று சொல்வார்கள். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டம் தொடங்குமுன் தானே எழுதிய பாட்டைப் பாடுவார். எழுத்துத் தெரியாத மக்களுக்கு அந்தப் பாட்டே அறிவிப்பு.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தாளை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் காதில் விழுந்தது என்று பாருங்கள். எங்கள் லயத்தில் கண் பார்வை மங்கிய ஒரு பெரியவர் இருக்கிறார். மாலையில் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைப் பிடித்து வாசிக்கச் சொல்வார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து நிற்பார்கள். கண் பரிசோதனை முகாம் இருக்கும் செய்தியை அவர் அப்படித்தான் கேட்டார், போனார், கண்ணாடி வாங்கினார். இப்போது எழுத்தைத் தானே வாசிக்க முடியும். ஆனாலும் பிள்ளையைத்தான் வாசிக்கச் சொல்கிறார், பிள்ளைக்கு வாசிப்பு வரவேண்டுமாம். ஆகவே தயவுசெய்து வாக்கியத்தைச் சின்னதாக எழுதுங்கள், பத்து வயதுப் பிள்ளை திக்காமல் உரக்க வாசிக்கும்படி.


பசறையிலிருந்து

தொடங்கலாம் என்று நாங்கள் மூன்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு சந்தேகம். மரண அறிவித்தல் போடுவீர்களா? மண்சரிவு எச்சரிக்கை மாதிரி மாதத் தாளுக்குக் காத்திருக்க முடியாத விஷயத்தை என்ன செய்கிறீர்கள்?


தலவாக்கலையிலிருந்து, மறுபடி

மரணம் போடுவதில்லை. மரணத்துக்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது, அதற்குத் தோட்டத்தில் ஏற்கெனவே நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் முப்பத்தோராம் நாள் நினைவாக இரத்ததானம், அன்னதானம் என்று வைத்தால் அதைப் போடுவோம். இன்னொன்று, தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் திருவிழா தள்ளிப்போகும். ஆகவே அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் மாலை எல்லாக் கோயில் கமிட்டிக்கும் போன் பண்ணிவிடுங்கள். தலைவரோடு நிறுத்தாமல் பூசாரியிடமும் கேளுங்கள்.

மண்சரிவுக்கு ஒவ்வொரு தாளிலும் மாறாத ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கையில் மூன்று நிறம்: மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் கிளம்ப ஆயத்தமாகு, சிவப்பு என்றால் வெளியேறு. இதற்குக் கீழே ஒவ்வொரு டிவிசனும் போய்க் கூடவேண்டிய இடம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. எச்சரிக்கையை அன்றன்று வட்ஸ்அப்பில் அனுப்புவோம். ஆனால் அந்த நிறம் எதைச் சொல்கிறது, எங்கே போகவேண்டும் என்பது மழை வருமுன்பே வீட்டுச் சுவரில் இருக்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருஷம் முன்பே அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு எல்லா வீட்டுக்கும் புரியும்படி போய்ச் சேர்ந்து, போய் இருக்க வேறு இடமும் கிடைத்திருந்தால் என்று இப்போதும் மனசு கேட்கிறது. பசறையும் பதுளை மாவட்டம்தான், உங்கள் மலைகளிலும் அந்த ஆபத்து உண்டு. முதல் தாளிலேயே அந்தப் பெட்டியைப் போட்டுவிடுங்கள்.

மற்றபடி பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மூன்று கோயில் கமிட்டி, இரண்டு அதிபர், ஒரு குடும்பநல உத்தியோகத்தர் அக்கா, ஒரு ஆட்டோ ஸ்டேண்ட். இவர்களுடைய நம்பர் கையில் இருந்தால் அடுத்த பத்தாம் திகதிக்கே தாள் வெளிவந்துவிடும். பஸ் நேரத்தை மட்டும் யாரிடமும் கேட்டு எழுதாதீர்கள், நீங்களே ஸ்டேண்டில் நின்று பார்த்து எழுதுங்கள்.