அம்மாவுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கணும், ஊட்டியா கோவையா?

வணக்கம். அம்மாவுக்கு 54 வயது, கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறார். குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி கையில் பட்டிருக்கிறது, வலி இல்லாததால் "கூடைப் பட்டை அழுத்தினதுதான், தானா போயிடும்" என்று ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை, சரி, ஆனால் வலிக்கவில்லை என்று விட்டுவிட முடியாதே. 30 வயது தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள், அம்மா ஒருமுறைகூடப் போனதில்லை.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மேமோகிராம் எடுத்த அக்காக்கள் யாராவது இருக்கிறீர்களா? பெண் டாக்டர் பார்ப்பாரா (அம்மா கேட்பது இது ஒன்றுதான்), இல்லை கோவைக்கு இறங்க வேண்டுமா? அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பயாப்சிக்கு (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பதற்கு) செல்லுமா? அம்மா திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறார், அன்றைக்கே கூட்டிப் போகிறேன்.