மறு: மறு: ‘ஜயண்ட்’ என்பதற்கு அரக்கர் வேண்டாம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நம் தொன்மச் சொல்தொகுப்பில் ஆங்கில ‘ஜயண்ட்’ (giant) என்பதற்கு அரக்கர் என்று போடலாமா என்று பேசுகிற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று முத்தியால்பேட்டை ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

> அரக்கர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தொன்மச் சொல்தொகுப்பில் இன்னும் பாதிச் சொல் பாக்கி. இதற்குப் போய்ப் புதுச்சொல் எதற்கு?

புரியும்தான் ஐயா, என்ன புரியும் என்பதுதான் கேள்வி. கெட்டவன் என்று முதலில் புரியும், பெரிய ஆள் என்பது அதற்கு அப்புறம்தான். நமக்கு வேண்டியதோ பின்னது மட்டும்.

நம் பக்கத்துக் கதைகளையே பாருங்கள். சிதம்பரத்தில் கூத்தபிரான் காலடியில் கிடக்கிற முயலகன் அசுரன் என்றுதான் சொல்கிறோம், ஆளோ குள்ளன். திருவதிகையில் எரிந்துபோன முப்புரத்துக்காரர்கள் தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி மூவரும் அசுரர். கோட்டை வானத்தில் பறந்தது என்று கேட்டிருக்கிறேன், ஆள் எத்தனை முழம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொஞ்சம் மேற்கே திருக்கோவலூருக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே அசுரன் மாவலி கையில் நீரை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். குள்ளனாக வந்து மண்ணையும் விண்ணையும் அளக்க வளர்ந்து நிற்பவர் பெருமாள். நெடியோன் என்று பெயரும் வைத்துவிட்டோம். அவரை அரக்கன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள், தீர்த்தம்கூடக் கிடைக்காது.

அரக்கர், அவுணர், தானவர் எல்லாம் குலப்பெயர்கள். திருவாமூர்க்காரரான அப்பர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில், கயிலைக்குக் கீழே நெரிபடுகிற இராவணனைக் கொண்டுவருவது வழக்கம். அரக்கன் என்று அவர் சொல்வது அவன் குலத்தை. உயரத்தை அளந்துவிட்டு அல்ல.

சரி, ராட்சதர்? இதில் எனக்கும் சபலம் இருந்தது. ஏனென்றால் ‘ராட்சத’ என்பது அடைமொழியாக நிற்கும்போது பல்லும் கொம்பும் உதிர்ந்து வெறும் அளவாகிவிட்டது. பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் ஏறுகிறோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் ராட்சத அலை என்று சொல்லாத வாய் இல்லை, அலையைப் பாவி என்று சபித்தவர்களும் அந்தச் சொல்லால் சபிக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு ‘அர்’ விகுதியைச் சேர்த்தால் போதும், உதிர்ந்த பல் மறுபடி முளைத்துவிடுகிறது.

தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைத்தான் எடுத்தது. ஆதியாகமம் 6:4இல் இராட்சதர் பூமியில் இருந்தார்கள் என்று வருகிறது, எபிரேயத்தில் அங்கே நெபிலிம். உபாகமம் 3:11இல் இராட்சதரில் மீந்திருந்தவன் பாசானின் ராஜா ஓக் என்று வருகிறது, எபிரேயத்தில் அது ரெபாயீம், வேறு ஆட்கள். அந்தச் சொல் வேறு சில இடங்களில் செத்தவர்களின் நிழல்களையும் குறிக்கும். இரண்டும் தமிழில் ஒரே குடத்தில் விழுந்துவிட்டன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதைவிட மோசம், ஆதியாகமத்தின் அதே வசனத்தில் நெபிலிம், கிப்போரிம் இரண்டையும் ‘கிகாந்தெஸ்’ என்று போட்டது. நம்மவர்கள் பின்னதைப் ‘பலவான்கள்’ என்று பிரித்தாவது வைத்தார்கள். இந்தக் குழப்பத்துக்கு வயது 2000க்கு மேல், கடலூரில் கிளம்பியது அல்ல என்று சொல்ல வருகிறேன்.

வேதாகமத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஓக்கைப் பற்றிச் சொல்லும்போது அவனை அளக்காமல் அவன் கட்டிலை அளக்கிறார்கள்: இரும்புக் கட்டில், 9 முழ நீளம், 4 முழ அகலம். முழத்துக்கு ஒன்றரை அடி போட்டால் 13 அடிக்கு மேல். கோலியாத்துக்கு 6 முழமும் 1 சாணும் என்று நம் வேதாகமம் சொல்கிறது, அந்த இடத்தில் அவனை இராட்சதன் என்று சொல்லாமல் வீரன் என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் பக்கத்தில் கிடைத்த பழைய எபிரேயச் சுருளிலும் 4 முழம் 1 சாண்தான், அதாவது ஏழடிக்கும் குறைவு. எங்கள் தெருவில் ஒருவர் கிட்டத்தட்ட அந்த உயரம், பேருந்தில் கழுத்தைச் சாய்த்துத்தான் நிற்பார். இரண்டு முழத்தில் ஒருவன் நெட்டையனாகவோ தொன்மமாகவோ ஆகிவிடுகிறான்.

இப்போது கிரேக்கர்கள், ஜயண்ட் என்ற சொல்லுக்கே சொந்தக்காரர்கள், அது அவர்களுடைய ‘கிகாந்தெஸ்’ஸிலிருந்து வந்தது. பழைய கிரேக்கப் புலவர் ஹெசியோட் சொல்கிற கிகாந்தர், வானத்தின் இரத்தம் மண்ணில் விழப் பிறந்தவர்கள், பளபளக்கும் கவசமும் நீண்ட ஈட்டியுமாக. பழைய பானை ஓவியங்களில் அவர்கள் எதிரே நிற்கும் தேவர்களின் உயரம்தான், சாதாரணப் போர்வீரன் மாதிரி. பாம்புக்கால், மலை மாதிரி உடம்பு எல்லாம் பிற்காலத்துச் சேர்க்கை. அல்கியோனேயுஸ், போர்பிரியோன், எங்கெலதோஸ் என்று ஆளுக்கொரு பெயரும் ஆளுக்கொரு சாவும் உண்டு. அல்கியோனேயுஸுக்குத் தான் பிறந்த மண்ணில் சாவு கிடையாது, கிரேக்க வீரன் ஹெராக்ளிஸ் அவனை எல்லை தாண்டி இழுத்துப்போய்க் கொல்கிறான். எங்கெலதோஸ் மேல் சிசிலித் தீவையே போட்டு அமுக்குகிறாள் தேவி அத்தேனா. அங்கே எத்னா எரிமலை புகைவதும் நிலம் நடுங்குவதும் அவன் புரள்வதால் என்பார்கள். மலைக்கடியில் அகப்பட்டவன் நமக்கும் ஒருத்தன் உண்டு, ஆனால் நம் ஆள் அங்கிருந்து பாடி வரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆக, ஜயண்ட் என்ற சொல்லே ஒரு குலப்பெயராகப் பிறந்து, பிறகு அளவுப்பெயராக மாறியது. நம் ‘ராட்சத’ நடந்த அதே பாதை.

ஐரோப்பாவின் வடபுலத்து ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் யோத்துனர்கள் இன்னும் சிக்கல். ஆங்கிலத்தில் அவர்களையும் ஜயண்ட் என்கிறார்கள். அவர்களில் முதல்வன் யிமிர் பெரியவன், சந்தேகமே இல்லை. அவன் தசைதான் நிலம், இரத்தம்தான் கடல், எலும்புதான் மலை, மண்டையோடுதான் வானம், நம் புருஷ சூக்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆனால் ஸ்காதியும் யோத்துன் குலத்தவள்தான், அவள் தேவர்களில் ஒருவனைப் பாதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்து கட்டிக்கொள்கிறாள், கூரையில் இடித்தாள் என்று எங்கும் இல்லை. தேவர் தலைவன் ஓடினுடைய அம்மா பெஸ்ட்லாவும் அந்தக் குலத்தவள். தேவர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகளை அரக்கர் என்று போட்டால், பீமன் வீட்டுக்காரி இடும்பி நம்மைப் பார்த்துச் சிரிப்பாள்.

உயரமே கதையாக இருக்கிற இடமும் உண்டு. அதே வடபுலத்துக் கதைகளில் இடித்தேவன் தோரும் கூட்டாளிகளும் இருட்டில் ஒரு மண்டபத்தில் படுத்து எழுகிறார்கள், காலையில் பார்த்தால் அது ஸ்க்ரிமிர் என்பவனுடைய கையுறை, அவர்கள் ஒதுங்கிய பக்கத்து அறை அதன் கட்டைவிரல். இங்கேதான் நமக்குச் சொல் வேண்டும்.

என் முன்வைப்பு இது. கிகாந்தர், யோத்துனர், நெபிலிம், ரெபாயீம் என்று குலப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே வைப்போம், அரக்கரும் அவுணரும் நம் கதைகளிலேயே இருக்கட்டும். அளவு ஒன்றையே சொல்ல ‘பேருடலர்’. ஒருமையில் பேருடலன், பேருடலி.

போன வாரம் வந்த ‘ஓங்கலர்’ அழகான சொல், மறுக்க மனசு வரவில்லை. ஆனால் இங்கே கடற்கரையில் யாரிடமாவது ஓங்கல் என்று சொன்னால் கடலில் துள்ளுகிற டால்பினைத்தான் கைகாட்டுவார்கள். ‘பூதர்’ பற்றி ஒரே வரி: சிவகணத்துப் பூதங்கள் பாதிக்கு மேல் குட்டையும் தொந்தியும், அதனால் உயரத்துக்கு அது உதவாது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து.

* * *

லாசுப்பேட்டை அக்காவின் பதில்:

தம்பி, குலம் வேறு அளவு வேறு என்று பிரித்தது சரி, அதற்கு என் கையொப்பம் உண்டு. ஆனால் பேருடலர்? எடை குறைக்கும் மருந்து விளம்பரம் மாதிரி இருக்கிறது. உயரம் அதில் கேட்கவே இல்லை, அகலம்தான் கேட்கிறது.

இன்னொன்று, நீ காட்டிய கையுறைக் கதையை முழுக்கப் படித்தாயா? அந்த ஸ்க்ரிமிர் உண்மையில் ஊத்கார்த-லோகி, தோரை ஏமாற்றக் கண்கட்டு வித்தை செய்தவன். அவன் அப்படிப் பிறக்கவில்லை, அப்படித் தோன்றினான். உன் முதல் எடுத்துக்காட்டே உடல் இல்லை, உரு. கடோற்கசனையும் யோசி, சாகும்போது உடம்பைப் பெருக்கிக்கொண்டு கௌரவர் சேனையில் ஒரு அக்குரோணி மேல் விழுந்தான். அதுவும் எடுத்த உரு. ஏன், நீயே சொன்ன திருக்கோவலூர்ப் பெருமாளும் அப்படித்தானே.

சின்ன வயசில் அம்மா என்னைப் பச்சைவாழியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். வெளியே வாழ்முனியும் செம்முனியும் உட்கார்ந்த வாக்கிலேயே கோயிலை விட உயரமாக இருப்பார்கள், நான் முழங்காலைத் தாண்டி மேலே பார்க்க மாட்டேன். “எவ்ளோ பெரிய உருவம் பாரு” என்றுதான் அம்மா சொல்வாள், உடல் என்று சொன்னதே இல்லை. அரக்கன் என்று நான் சொல்லியிருந்தால் அங்கேயே முதுகில் வைத்திருப்பாள்.

‘பேருருவர்’ என்று வை. பிறந்த உருவும் அதில் அடங்கும், எடுத்த உருவும் அடங்கும்.

* * *

அக்கா, ஒத்துக்கொள்கிறேன். கையுறை விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், கதையின் பின்பாதி தெரிந்திருந்தும் முன்பாதியின் ருசியில் விட்டுவிட்டேன்.

பேருரு என்பதை விசுவரூபத்துக்கு ஏற்கெனவே சொல்கிறார்களே என்றுதான் ஒதுக்கிவைத்தேன். உங்கள் மடலைப் படித்ததும் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழா ஞாபகம் வந்தது. படுகளத்தன்று களத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள், கால்விரலிலிருந்து கிரீடம் வரை ஓடினால் மூச்சு வாங்கும். பாரதத்தில் அவன் அவ்வளவு பெரியவன் இல்லை. கதை சொல்கிற கைதான் அவனை அந்த அளவுக்குப் பிசைகிறது. கிரேக்கச் சிற்பிகள் கிகாந்தருக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அதை உடல் என்பதை விட உரு என்பதே பொருத்தம். ‘பேருருவர்’ இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை ஐயாவுக்கு: இடும்பன் பதிவிலும் ‘அரக்கன்’ என்ற விளக்கத்தை மாற்றிவிடலாமா? இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கியவன், முருகனுக்கு முன்னால் அவனுக்குப் பூசை போடுகிறோம். ‘அசுர குலத்துப் பேருருவன், முருகனடியான்’ என்றால் மூன்றும் வந்துவிடும்.

பெண்பால்தான் இடிக்கிறது. பேருருவி என்றால் பிழைதிருத்துபவர் பேரருவி என்று மாற்றிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிடுவார். பேருருவாள் என்றால் யாரோ வாளை உருவுவது போல இருக்கிறது. ‘பேருருவத்தாள்’ நீளம், ஆனால் தப்பில்லை. இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், ‘ப’ வரிசையை அன்றைக்கு மூடுகிறேன்.