பாட்டே இல்லாத ராக் ஆல்பம்: மாமாவுக்கு மல்லாரி, பூக்காரம்மாவுக்கு எழவு வீடு

குத்தாலம் மைக்செட்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்குத் தொழில் மைக் செட், குத்தாலத்துல கடை. காதுகுத்துலேர்ந்து கட்சிக் கூட்டம் வரைக்கும் எல்லாத்துக்கும் போவோம். பாக்ஸ் கட்டி முடிச்சதும் சவுண்டு பாக்கறதுக்கு எல்லாரும் ஒரு விநாயகர் பாட்டு போடுவாங்க. நான் நாலு வருஷமா 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' போட்டுக்கிட்டு இருக்கேன். கனடாவுல மான்ட்ரியல்ல இருக்கிற ராக் குழு. 2000-ல வந்த 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்' ஆல்பம். ரெண்டு தட்டு, நாலே உருப்படி, மொத்தம் 87 நிமிஷம். மூணு கிட்டார், ரெண்டு பேஸ், ரெண்டு டிரம்ஸ், ஒரு வயலின், ஒரு செல்லோ, ஆக ஒம்போது பேரு. பாட்டுன்னு ஒண்ணு கிடையாது. நாலாவது உருப்படி தொடங்கறப்ப ஒரு நாட்டுப்பாட்டு கொஞ்சம் வரும், அதை விட்டுடுங்க.

ஏன் இதுன்னு கேட்டீங்கன்னா, தொழில் காரணந்தான். ரொம்ப சன்னமா வர்ற இடத்துல லைன்ல 'உம்'னு இரைச்சல் இருந்தா உடனே மாட்டிக்கும். ஒம்போது பேரும் சேர்ந்து அடிக்கிற இடத்துல பாக்ஸ் கிழியுதான்னு தெரிஞ்சிடும். ஒரே உருப்படியில ரெண்டு வேலையும் முடிஞ்சுது.

போன பங்குனியில ஒரு கோயில், மறுநாள் கொடியேத்தம். சாயந்திரம் முதல் உருப்படி 'ஸ்டார்ம்' போட்டேன். எங்க தாய்மாமா தவில் வாத்தியம், இப்ப கச்சேரிக்குப் போறதில்ல. வெத்தலையை மென்னுக்கிட்டே நின்னு கேட்டாரு. ஆறு நிமிஷம் போல ஆனதும், "டேய், இது சாமி பொறப்பாடுடா. மல்லாரி மாதிரில்ல வருது"ன்னாரு. சாமி பொறப்படறப்ப நாயனத்துல வாசிப்பாங்களே, அது. சன்னதித் தெரு முனையில பூ விக்கிற அம்மா ஓடி வந்து, "தம்பி, யாரு வூட்ல எழவு?"ன்னு கேட்டுச்சு. ஜெனரேட்டர் பையன், "மிஷினு மிஸ் ஆவுதோன்னு ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வந்தேண்ணே" அப்படின்னான். கமிட்டிக்காரர் ஒருத்தர் பன்னெண்டாவது நிமிஷத்துல வெளிய வந்து, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" கடைசியில வாடகையில 500 ரூபா புடிச்சிக்கிட்டாங்க, அது வேற கதை.

ஒரே சரக்கு, ஒரே நேரம், ஆளாளுக்கு ஏன் இப்படிக் கேக்குது? நீங்கள்லாம் முதத் தடவை கேட்டப்ப எப்படி இருந்துச்சு? மாமா இன்னொண்ணு போடச் சொல்றாரு, அவருக்கு அடுத்தது எதைப் போடலாம்?

டேப்ரெக்கார்டர், தஞ்சாவூர்:

நான் கமிட்டிக்காரர் கட்சி. 500 ரூபா கம்மி.

இந்தக் குழுவோட வித்தை ஒண்ணுதான். ஒத்தைக் கிட்டார்ல தொடங்கு, ஒவ்வொருத்தரா வந்து சேரு, ஏறு, ஏறு, வெடி, அமைதி. ஒரு தடவை பிடிபட்டுடுச்சுன்னா அதுக்கப்புறம் எப்ப வெடிக்கும்னு குந்திக்கிட்டு இருக்கறதுதான் நம்ம வேலை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சுன்னு பேப்பர்ல படிச்சிட்டுக் கடைமடையில மதகைப் பாத்துக்கிட்டே நிக்கிற மாதிரி. தண்ணி வரும், வராம இல்ல. ஆனா அதுக்குள்ள நாத்து காய்ஞ்சுடும்.

பாட்டில்லாத ராக்குன்னா எனக்குச் சிகாகோ 'டார்ட்டாய்ஸ்' குழுதான். 1996-ல வந்த 'மில்லியன்ஸ் நவ் லிவிங் வில் நெவர் டை'. அதுலயும் முதல் உருப்படி இருபது நிமிஷம் ஓடும், ஆனா வழியில பத்து இடத்துல திரும்பும், விளையாடும். அழுவாது.

இந்த மான்ட்ரியல் ஆளுங்க மேல மரியாதை உண்டு, அதையும் சொல்லிடறேன். 2013-ல கனடாவோட போலாரிஸ் இசைப் பரிசு, 30,000 டாலர், இவங்களுக்குக் கொடுத்தாங்க. இவ்வளவு செலவு பண்ணி விழா எதுக்குன்னு திட்டி ஒரு அறிக்கை விட்டுட்டு, காசைக் கியூபெக் சிறைக்கைதிங்களுக்கு வாத்தியம் வாங்கித் தரப் போறோம்னு சொன்னாங்க. மனுஷங்களைப் பிடிக்குது, தட்டைத்தான் முழுசா கேக்க முடியல.

சீவாளி:

குத்தாலத்தாருக்கு வணக்கம். நான் பக்கத்தில் திருவாவடுதுறை. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளிக்குக் கொறுக்கைத் தட்டை விளைகிற ஊர் என்பதால் இந்தப் பெயர், வாசிக்கவெல்லாம் தெரியாது.

உங்கள் மாமா சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரி, இல்லை, அது உண்மை. கம்பீர நாட்டை ராகத்தில் ஜதிகளை வைத்து வாசிப்பது. ஆனால் அதன் உயிர் கணக்கில் இருக்கிறது. ஒரே அடியைக் காலம் மாற்றி, திரிகாலம் செய்து, தவில்காரர் தாளத்தை உள்ளே மறைத்து வைத்து மறுபடி கொண்டுவந்து சேர்ப்பார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த முதல் உருப்படியை நேற்று கேட்டேன். அதில் ஏறுவது சத்தமும் ஆள் கணக்கும்தான். சேர்ந்து எழும்புகிறது, சந்தேகமில்லை. ஆனால் தாளத்தை முடித்துக் கட்டுகிற தீர்மானம் என்று ஒன்று வந்து விழவில்லை. 'ஆச்சு' என்று நான் தொடையில் தட்டக் காத்திருந்த இடத்தில் கரைந்து போய்விட்டது.

எனக்கு ஆலாபனைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை அந்தக் காலத்தில் 78 சுற்று இசைத்தட்டில் வாங்கினார்கள். ஒரு பக்கம் சில நிமிஷம்தான் ஓடும். கோயிலில் மணிக்கணக்கில் நின்று கேட்டவர்களுக்கு அது போதாமல் இருந்திருக்கும். தட்டை மட்டுமே கேட்டவர்களுக்கு அதுதான் தோடி. இந்தக் கனடாக்காரர்கள் தட்டுக்காகத் தங்களைச் சுருக்கிக்கொள்ளவில்லை. அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது. இசை பிடித்ததா என்றால், இன்னும் ரெண்டு நாள் கொடுங்கள்.

குத்தாலம் மைக்செட்:

சீவாளி ஐயா, அப்படியே மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அவரு சொல்றது சரி, ஆனா பொறப்பாட்டுல நிக்கிறவனுக்குக் கணக்கா தெரியும், சாமி வருதுன்னுதான் தெரியும்"னு சொல்லச் சொன்னாரு.

நேத்து ராத்திரி படுத்தப்பதான் எனக்கு ஒண்ணு பொறி தட்டுச்சு. அன்னைக்கு யாரு எங்க நின்னாங்கன்னு ஒரு நோட்டுல படம் போட்டுப் பாத்தேன். சிரிக்காதீங்க.

மாமா நின்னது ராஜகோபுரத்தடியில, பாக்ஸுக்கு நேரா, பத்தடி தூரத்துல. பூக்காரம்மா இருந்தது தெரு முனையில, கூம்புக் குழாய்க்கு அடியில. அங்க பாக்ஸ் சத்தம் எட்டாது. கூம்புல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் உருப்படியா வராது, அது பேச்சுக்குன்னு செஞ்ச சாமான். பேஸ் கிட்டாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், செல்லோவோட அடித் தந்தி 65. அதெல்லாம் அந்தம்மாவுக்குப் போய்ச் சேரவே இல்ல. டிரம்ஸுல 'டப்'னு ஓட்டுச் சத்தம் மட்டும். மிச்சம் என்ன? மேல்ஸ்தாயியில இழுக்கற வயலினும் கிட்டாரும். அடித்தளமே இல்லாம அதை மட்டும் கேட்டா ஒப்பாரிதானே? அந்தம்மா கேட்டது சரியாத்தான் கேட்டிருக்கு.

கமிட்டிக்காரர் ஆபீஸ் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஃபேனுக்கு அடியில நோட்டீஸ் கணக்கு பாத்துக்கிட்டு இருந்தாரு. சன்னமா வர்ற இடம் ஒண்ணும் உள்ள போயிருக்காது. அவருக்கு ரெண்டு நிமிஷம் இரைச்சல், நாலு நிமிஷம் சும்மா, மறுபடி இரைச்சல். பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு நானா இருந்தாலும் கேப்பேன். ஜெனரேட்டர் பையன் மிஷின் பக்கத்துல. அவனுக்கு எந்த இசையும் அந்த மிஷினோட கலந்துதான் கேக்கும்.

அதே உருப்படி முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க் அறிவிப்பு வருது பாருங்க, ஒலிபெருக்கியில. பங்க்ல யாராவது வந்து நான் பெட்ரோல் போடறேன், கண்ணாடி துடைக்கறேன்னா அவங்க எங்க ஆளுங்க இல்லன்னு ஒரு குரல். எனக்கு அந்த ஆல்பத்துலயே பிடிச்ச இடம் அதுதான். அதை மட்டும் கூம்புல போட்டா மாயவரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கு.

டேப்ரெக்கார்டர், தஞ்சாவூர்:

எல்லாம் சரி தம்பி. நான் கேட்டது நல்ல ஹெட்போன்ல, ராத்திரி, ஃபேனை நிறுத்திட்டு. 41 ஹெர்ட்ஸும் வந்துச்சு, 65-ம் வந்துச்சு. அப்பவும் பிடிக்கல. அதுக்கு எந்த நோட்டுல படம் போடுவீங்க?

பூண்டி மல்லிகா:

நான் திருத்துறைப்பூண்டிங்க. உங்க மாமாவுக்கு ரெண்டாவது தட்டுல 'ஸ்லீப்' போடுங்க.

நான் அதைக் கேட்டது 2018 நவம்பர்ல, கஜா புயலுக்கு அப்புறம். 16-ந் தேதி விடியக்காலை அடிச்சுது. எங்க கொல்லையில இருந்த பதினோரு தென்னையில ஒம்போது சாஞ்சுடுச்சு. வாரக்கணக்குல கரண்ட் இல்ல. கடைத்தெருவுல ஜெனரேட்டர் வெச்சிருந்தவங்ககிட்ட காசு கொடுத்து போனைச் சார்ஜ் போட்டுக்கிட்டு வருவேன். அண்ணன் பையன் எப்பவோ அதுல ஏத்தி வெச்ச ஆல்பம் இது. ராத்திரி கொசுவுக்குத் தூக்கம் வராது, சும்மா போட்டேன்.

தொடக்கத்துல ஒரு பெரியவர் பேசுவார். கோனி ஐலண்டுன்னு நியூயார்க் கடற்கரை, சின்ன வயசுல அது எப்படி இருந்துச்சுன்னு. ஜனங்க அப்பல்லாம் கடற்கரையிலயே தூங்குவாங்க, இப்ப யாரும் தூங்கறதில்லன்னு சொல்லுவாரு. அப்புறம் கிட்டார் ஒண்ணு விசும்பற மாதிரி வரும். தந்தி மேல ஸ்க்ரூடிரைவரை ஓட்டி வாசிக்கறாங்கன்னு அண்ணன் பையன் அப்புறம் சொன்னான். அப்ப அதெல்லாம் தெரியாது. எங்கப்பா வாசல்ல கயித்துக்கட்டில்ல படுத்திருந்தாரு, அவரும் தூங்கல. "அது என்னம்மா சத்தம்?"னாரு. இயர்போன்ல ஒண்ணைக் கழட்டி அவர் காதுல வெச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "விடியட்டும், ரம்பம் வாடகைக்குக் கிடைக்குதான்னு பாப்போம்"னாரு. வேற ஒண்ணும் சொல்லல. இயர்போனைத் திருப்பியும் தரல.

இப்ப கேட்டா எனக்கு அந்த ஆல்பம் நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியாதுங்க.

குத்தாலம் மைக்செட்:

மல்லிகா அக்கா சொன்னபடி ஞாயித்துக்கிழமை 'ஸ்லீப்' போட்டேன். கூம்பு இல்லாம, கடைக்குள்ள, ரெண்டு பாக்ஸ் மட்டும். தஞ்சாவூர் அண்ணே, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன்.

பெரியவர் பேசறதை மாமாவுக்குத் தமிழ்ல சொன்னேன். "நாங்களும் கச்சேரி முடிஞ்சா பிராகாரத்துலதான் படுப்போம். தவில் உறையைத் தலைக்கு வெச்சுக்கிட்டு. இப்ப கார்ல ஏறிப் போயிடறானுங்க"ன்னாரு. அந்த விசும்பற இடம் வந்ததும் மெல்றதை நிறுத்திட்டாரு. "இது என்ன வாத்தியம்?" கிட்டார்தான் மாமா, ஸ்க்ரூடிரைவரை வெச்சுத் தேய்க்கறாங்கன்னேன். நம்பல. மறுபடி போடச் சொன்னாரு. மூணு தடவை. அப்புறம் என் டூல்ஸ் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

நேத்து ராத்திரி ஒம்போதரைக்கு அவர் பேத்திகிட்டேர்ந்து போன். "மாமா, தாத்தா என் கிட்டாரை மடியில படுக்க வெச்சு உங்க டெஸ்டரால தேய்ச்சுக்கிட்டே இருக்காரு, நாளைக்கு எனக்குப் பரீட்சை, வந்து வாங்கிட்டுப் போங்க."

டெஸ்டர் இன்னும் வரல.