சுனாமி வீட்டின் தளம் உதிர்கிறது: செப்பனிடுவதா, அப்பா கேட்பதுபோல் கரையில் கொட்டகை போடுவதா?

திருப்பூர்வாசி:

சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ கிராமம். பத்து வருடமாகத் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். 2007-ல் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த சுனாமி வீடு எங்களுக்கு இருக்கிறது. ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி, கக்கூஸ். மொத்தம் 325 சதுர அடி வரும். கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மேற்கே. போன ஐப்பசி மழையில் ஹால் தளத்திலிருந்து காரை ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அம்மா அப்போதுதான் அந்த இடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார். உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்து நிற்கிறது.

கையில் இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். தளத்தைச் சரிசெய்வோம் என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள காசைக் கொட்டாதே. கரையில நாலு கால் நட்டு கீத்துப் போட்டுக் கொடு, மிச்சத்துக்கு வலை வாங்கு" என்கிறார். 61 வயது. இன்னும் பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். பகல் முழுக்கப் பழைய ஊர் ஏலக்கூடத்தில்தான் இருப்பு. பாதி நாள் இரவும் அங்கேயே படுத்துவிடுகிறார்.

எனக்கு இதுதான் விளங்கவில்லை. 2004-ல் எனக்கு ஆறு வயது, தங்கைக்கு மூன்று. அன்று காலையில் அப்பா கடலில் இருந்தார். படகை ஒரு தூக்குத் தூக்கி இறக்கியது போல இருந்தது, அவ்வளவுதான் என்பார். நல்ல மீனோடு திரும்பி வந்தார். தங்கை கிடைத்தது மூன்றாம் நாள். அதே கரையில் போய்ப் படுக்கிற மனிதரிடம் நான் என்ன பேசுவது? அம்மாவோ வீட்டைச் சரிசெய்யாவிட்டால் திருப்பூருக்கு வந்துவிடுவேன் என்கிறார். உங்களில் யாராவது இப்படிப்பட்ட வீட்டைச் செப்பனிட்டிருக்கிறீர்களா? தாங்குமா?

---

கடலூர் கொத்தனார்:

தம்பி, அப்பா விஷயம் அப்புறம். முதலில் அம்மாவை அந்த ஹாலில் படுக்கவிடாதே.

அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கில் வீடு ஒரே மூச்சில் எழும்பியது. நானும் இரண்டு குடியிருப்பில் வேலை பார்த்தவன்தான். நல்ல வீடும் உண்டு, அவசரத்தில் கெட்டதும் உண்டு. எங்கே கம்பிக்குக் கீழே காரை மெல்லிசாக விட்டார்களோ, எங்கே உவர்த் தண்ணீரில் கலவை போட்டார்களோ, அங்கே உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைக் கீழே தள்ளும். உனக்கு விழுந்தது அப்படித்தான்.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துத் தளம் முழுக்கத் தட்டிப் பார். கணீரென்றால் நல்லது, பொத்துப் பொத்தென்றால் அங்கேயும் விடப்போகிறது. பொத்தலான இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளவென்று வரும்வரை தேய்த்து, துரு பிடிக்காத பூச்சு அடித்து, அதற்கென்று விற்கிற கலவையை வைத்து அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது ஏமாற்று வேலை, இரண்டே மழையில் மறுபடி விழும். கம்பியே பாதியாக இளைத்திருந்தால் புதுக்கம்பி கட்ட வேண்டும். நிறைய இடத்தில் அப்படி என்றால் செப்பனிடுவதில் அர்த்தமில்லை, இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டு. மேலே மழைநீர் தேங்காமல் வாட்டம் பார்த்துத் தட்டோடு பதித்துவிடு. தளத்துக்கு எமன் கீழே இல்லை, மேலேதான். போட்டோ போட்டால் இன்னும் சொல்கிறேன்.

---

நாகைக்காரி:

தம்பி, கொத்தனார் அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படி. கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் ஊர் அக்கரைப்பேட்டைக்குப் பக்கம். அன்றைக்கு எனக்குப் பதினாலு வயது. அம்மா மீன் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம், விலை போகும் என்று அம்மா விடியுமுன்னே கரைக்குப் போயிருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள் என்று சொல்வார்களே, அதில் பெண்களும் குழந்தைகளும் ஏன் இத்தனை பேர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆம்பளைகள் ஆழத்தில் இருந்தார்கள். அங்கே அலை உயரமே இல்லை. கரைக்கு வந்துதான் அது எழுந்தது. மீனை எதிர்பார்த்துக் கரையில் நின்றது யார்? அம்மா ஒரு விசைப்படகின் கயிற்றில் மாட்டிப் பிழைத்தது. என் சித்தி பிழைக்கவில்லை.

உன் அப்பா கரையில் படுப்பதை நீ துக்கக் கணக்கில் மட்டும் பார்க்கிறாய். அது தொழில் கணக்கும்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காற்று வாடையா கொண்டலா, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, அலை எங்கே மடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நான்கு சுவருக்குள் படுத்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித்தருவது பற்றி 2005 மார்ச் 30-ம் தேதி வந்த 172-ம் எண் அரசாணையில் வீடு கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பதே முக்கியம். 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் புதுவீடு வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும், பழைய இடத்தை எழுதிக்கொடுத்துவிட வேண்டும். போகமாட்டேன் என்றால் இருந்துகொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது. உயிர் முக்கியம் என்று போட்ட ஆணை, குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

(ஆகவே ஒன்றைக் கவனி. நீங்களும் பழைய மனையை எழுதிக்கொடுத்திருந்தால், கரையில் நிலையான கட்டடம் எழுப்பினால் பின்னால் வழக்கு வரும். வலை வைக்க, ஆள் சாய, கீற்றுக் கொட்டகை என்றால் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள். பணத்தை அங்கே புதைக்காதே.)

அம்மாவுக்கு வேறு மாதிரி அடி. படகு போனவனுக்கு நிவாரணம், வலை போனவனுக்கு நிவாரணம். பைபர் போட் வந்து குவிந்தது, கட்டுமரம் வைத்திருந்தவன்கூடப் போட்டுக்காரன் ஆனான். மீன்காரியின் அன்னக்கூடையும் தராசும் ஐஸ் பெட்டியும் முதலாகப் போட்ட ஆயிரம் ரூபாயும் எந்தப் படிவத்திலும் இல்லை. ஊர் வழியாக வந்த சாமான்களைத் தலைக்கட்டு வரி கணக்கில் பிரித்தார்கள். வரி கட்டுவது கல்யாணமான ஆண். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் அந்தக் கணக்கில் எங்கே? சில ஊர்களில் சண்டை போட்டு வாங்கினார்கள், சில ஊரில் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு மூன்றாவது லாரியில்தான் பாய் கிடைத்தது.

இரண்டு வருஷம் தார்ச்சீட்டுக் கொட்டகை. பகலில் உள்ளே நுழைந்தால் இட்லிக் குண்டான்தான். 2005 மழையில் முழங்கால் தண்ணீர். அதற்குப் பிறகு இந்த வீடு கிடைத்தபோது தரையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சில்லென்று இருந்தது. ஆனால் அம்மா கரைக்குப் போய் வர தினமும் ஆட்டோ. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகம் போகும் போக்கைப் பார்க்கணும். கருவாடு காயவைக்க இடமில்லை, மாடியில் போட்டால் அடுத்த வீட்டில் நாற்றம் என்பார்கள். அவர்களும் மீனவர்கள்தான்! அம்மாவும் உன் அப்பா மாதிரியே அதைப் பெட்டி என்றுதான் சொல்லும். ஆறு மாதம் பூட்டியே கிடந்தது.

மாறியது 2012 ஏப்ரல் 11-ல். மதியம் இரண்டு மணிக்கு மேல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் பூகம்பம். ஹைதராபாத்தில் 2007-ல் எச்சரிக்கை மையம் தொடங்கியிருந்தார்கள், டிவியில் ஓடியது, போலீஸ் மைக் வைத்துக் கத்தினார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதில் ஒன்றுகூட இல்லை. 2004-ல் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு முன்கூட்டியே தெரிந்து தப்பியது, அதுவும் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் போன் பண்ணியதால், கடல் நிலவரம் சொல்லும் கிராம அறிவு மைய ஒலிபெருக்கியில் சொன்னதால். சரி, 2012-க்கு வருகிறேன். கரையிலிருந்து ஊரே ஓடியது. எங்கே ஓடும்? எங்கள் பெட்டிக்குத்தான். மாமா வீடு, பெரியப்பா வீடு, அண்ணியின் பிறந்த வீடு, கரையிலேயே குடியிருந்த நாலைந்து குடும்பம், பெயர் தெரியாத ஒரு கர்ப்பிணி. நான் எண்ணினேன், இருபத்தேழு பேர். படி வைக்காமல் கட்டிய வீடு அது. மூங்கில் ஏணியைச் சாய்த்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினோம். நான்கு மணி சுமாருக்கு இரண்டாவது அதிர்வு வேறு. பாட்டி ஏறமாட்டேன் என்று கீழேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அலை வரவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். யாரும் இறங்கவில்லை. அம்மா இறங்கி, இருந்த அரிசியெல்லாம் போட்டு ஒரு அண்டாச் சோறு வடித்து, மாடிக்கே குழம்பை ஏற்றியது. இருட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் "நம்ம வீடு" என்று அம்மா சொல்லிக் கேட்டேன்.

கஜா வந்தபோதும் (2018 நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல்) கரையில் கூரை ஓடுகளும் தகரமும் பறந்தன. இந்தத் தளம் நின்றது. ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் இப்போதும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, வாயைக் கட்டி, பரணில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நீ யார் என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் நின்றவர்களுக்குத்தான் அந்தக் குடத்தின் அருமை தெரியும்.

ஆகவே அப்பாவிடம் "அங்கே படுக்காதே" என்று பேசாதே. படுக்கட்டும். தளத்தைச் சரிசெய், மிஞ்சினால் வலைக்குக் கொடு. அவருக்கு அது வீடாக வேண்டாம், ஓடி வர ஒரு மேடு என்று சொல்லிப் பார்.

---

வயக்காடு:

படித்தேன். கோபிக்க வேண்டாம், ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் கடற்கரையோடு நின்றுவிடுகிறீர்கள். நாங்கள் பிரதாபராமபுரம் பக்கம், கூலி விவசாயம். அலை எங்கள் ஆட்களைக் குறைவாகத்தான் எடுத்தது, வயலை எடுத்துக்கொண்டது. ஒரு சாண் சேறும் மணலும், அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. படகுக்காரன் பட்டியலில் நாங்கள் இல்லை, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலக்கணக்கு. கூலிக்குப் போனவனுக்கு இரண்டு வருஷம் வேலையே இல்லை. சேற்றை வழித்து, கரை கட்டி மழைநீரை நிறுத்தி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுதான் மண் திரும்பியது. 2005 மழை உங்களுக்குக் கொட்டகையில் முழங்கால் தண்ணீர், எங்களுக்கு அதே மழைதான் உப்பைக் கழுவியது. பக்கத்தில் தெற்குப் பொய்கைநல்லூரில் மணல்மேடு இருந்ததால் தப்பித்தார்கள். தம்பி, உன் ஊரில் மணல்மேடு இருந்தால் அதை அள்ள விடாதே, கொட்டகையை அதற்குப் பின்னால் போடு.

---

நாகைக்காரி:

வயக்காடு அண்ணே, கோபமெல்லாம் இல்லை. அந்த வருஷம் அம்மா உங்கள் பக்கத்துத் தெருக்களில்தான் மீன் கொண்டு போய்க் கடனுக்குக் கொடுத்தது. சுனாமியில் செத்தவர்களைத் தின்ற மீன் என்று டவுனில் மூன்று மாதம் ஒருவரும் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினீர்கள். பாதிக் கடன் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

---

திருப்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன், அதனால்தான் தாமதம்.

அம்மா இப்போது ரூமில் படுக்கிறார். சுத்தியல் வைத்துத் தட்டினேன். ஹாலில் மூன்று இடம், அடுப்படியில் ஒன்று, ரூமில் இல்லை. எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுத்தியலை வாங்கி, கட்டுமரத்துக்கு மரம் வாங்கப் போனால் தட்டுவாரே, அந்த மாதிரி காதைச் சாய்த்துத் தட்டினார். நான் விட்ட இரண்டு இடத்தை அவர் கண்டுபிடித்தார். கரிக்கட்டையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

2012 கதையைச் சொன்னேன். எங்கள் குடியிருப்பிலும் அன்றைக்கு ஆட்கள் ஓடி வந்திருக்கிறார்கள். அம்மாவும் நானும் திருச்செங்கோட்டில் மாமா வீட்டில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அப்பா மட்டும் இருந்தாராம். வந்தவர்களை என்ன செய்தீர்கள் என்றேன். "வாசல்ல நின்னாங்க. மேல ஏற வழி ஏது?" என்றார். தங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கரைக்குக் கிளம்பும்போது வீட்டின் பக்கச் சுவரைக் கால் அடியால் அளந்துகொண்டிருந்தார். வடக்குப் பக்கம் மூன்றடி இடம் இருக்கிறது.

கொத்தனார் அண்ணே, தளப் போட்டோ தனியாக அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒன்று: அந்த மூன்றடியில், வயதானவர்களும் கைப்பிடித்து ஏறுகிற மாதிரி வெளிப்படி வைக்க முடியுமா? என்ன செலவாகும்?