பரனாலில் எந்தக் கருவியைக் கேட்பது?

வணக்கம். நான் ஆய்வு மாணவன். சிலியின் பரனால் வானாய்வகத்தில் தொலைநோக்கி நேரம் கேட்டு முதல் முறையாக விண்ணப்பம் எழுதுகிறேன். அங்கே 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் கருவி மாட்ட மூன்று இடங்கள். கருவியைத் தேர்ந்துவிட்டால் பெரும்பாலும் தொலைநோக்கியும் முடிவாகிவிடுகிறது.

என் இலக்கு, மங்கிக்கொண்டே வரும் ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் ஃபோர்ஸ்2 கருவி போதும் என்றுதான் ஆரம்பித்தேன். எக்ஸ்-ஷூட்டர் என்ற கருவியோ புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை, 300 முதல் 2500 நானோமீட்டர் வரை, ஒரே வீச்சில் நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுத்துவிடும். மனசு அங்கேதான் இழுக்கிறது, ஆனால் அகச்சிவப்பு எனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டால் பதில் திணறுகிறது. இதே மாதிரி இலக்குக்கு இரண்டையும் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், நான் நேரில் போகப்போவதில்லை. தகுந்த இரவு வரும்போது அங்குள்ளவர்களே எடுத்துத் தரும் முறையில்தான் கேட்கிறேன். வளிமண்டலக் கலக்கத்தால் விண்மீனின் பிம்பம் பரவும் அளவு 0.8 வில்நொடிக்குள் (ஒரு வில்நொடி, பாகையில் 3600-இல் ஒரு பங்கு), நிலவில்லாத வானம் என்று எழுதி வைத்திருக்கிறேன். நிபந்தனையை இறுக்க இறுக்க நம் முறை வருவது அரிது. 1.2 வரை தளர்த்தினால், கருவிக்குள் ஒளி நுழையும் குறுகிய பிளவுக்கு வெளியே ஒளி சிந்திவிடுமே என்ற பயம். எங்கே நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. பராமரிப்புக்காகக் கருவியைக் கழற்றிவிட்டால் என் சூப்பர்நோவா காத்திருக்காது. மாற்றுக் கருவியை விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாமா, அல்லது உறுதியில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களா? நேரம் கிடைத்த பழைய விண்ணப்பம் யாரிடமாவது இருந்தால், பார்க்கத் தந்தால் பெரிய உதவி.